பத்தொன்பது பதில்கள்

நம்பரை மாற்றிக்கொண்டு காணாமல்போன தம்பி வேலவனின் பதிவு என்று சிநேகிதி அனுப்பிய சுட்டியை வெண்மதி திறந்தாள்.

“யாராவது பேசுங்களேன்.”

பதில் எழுத விரல் வைத்ததும், ‘நீங்கள் வேறு தளத்தவர்’ என்றது பக்கம். ஒரு தளத்தில் எழுதுவது இணைந்த மற்றத் தளங்களிலும் தெரியும் வலையமைப்பு அது; பதிவின் முகவரியை நகலெடுத்து, தான் கணக்கு வைத்திருக்கும் தளத்தில் தேடினாள். அதே பதிவு வந்தது, கீழே பதினேழு பதில்களோடு. “நம்பர் குடு மாப்ள.” “எங்கடா இருக்க?”

“அக்காடா, சொல்லு” என்று பதினெட்டாவதாக எழுதினாள். போய்ச் சேர்ந்ததா என்று அவன் தளத்துக்குத் திரும்பிப் பார்த்தாள். பதில்கள்: பூஜ்யம். அடியில், அந்தத் தளம் தடுத்துவைத்த தளங்களின் பட்டியலில் அவளுடையதும் இருந்தது; அங்கே எழுதும் எதுவும் அவனை எட்டாது.

புதிதாக ஒரு வரி எழுதியிருந்தான்.

“சரி, யாருமில்ல போல.”

அவள் தளத்தில் பத்தொன்பதாவது பதில் வந்து விழுந்தது: “இங்கதான்டா இருக்கோம்.”