ரத்தான பதவி

"உங்க நாற்காலியில ஆள் உக்காந்திருக்கார் சார். அப்புறம் எப்படி அந்தப் பதவியே இல்லைன்னு எழுதிக் கொடுக்குறீங்க?"

வரி அதிகாரி அம்மாள் இதைக் கோபமாகக் கேட்கவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. காலையிலிருந்து பொய் சொல்ல வந்தவர்களையே பார்த்துப் பார்த்து அவருக்குக் கண் எரிந்தது.

எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒரு பெரிய கம்பெனியில் பொது மேலாளராக இருந்து, போன வருடக் கடைசியில் வெளியே அனுப்பப்பட்டவர். மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் டை, மடியில் தோல் பை. பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார்.

அவருக்கும் சேர்த்துப் பேசத்தான் பக்கத்தில் ஆடிட்டர் இருந்தாரே! ஆடிட்டருக்கு மூச்சு விடத்தான் நேரமில்லை.

"மேடம், வேலை ஒப்பந்தத்துலயே தெளிவா இருக்கு. பதவியை ரத்து பண்ணி அனுப்பினா கம்பெனி இழப்பீடு கொடுக்கணும். கொடுத்துட்டாங்க. அந்த இழப்பீட்டுக்கு வரிச் சலுகை உண்டுன்னு உங்க சட்டமே சொல்லுது."

"பதவியே போயிருந்தாத்தான் சலுகை. பதவியை வச்சுக்கிட்டு ஆளை மட்டும் மாத்தியிருந்தா அதுக்குப் பேரு இழப்பீடு இல்ல, கடைசிச் சம்பளம். முழு வரியும் கட்டணும். அதுவும் அதே சட்டம்தான்."

"யாரையும் போடலைன்னு கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கே!"

"கம்பெனிங்க எதைத்தான் எழுதிக் கொடுக்கல?"

ஆடிட்டர் குரலை இறக்கினார். "கொஞ்சம் மனசு வைங்க மேடம். இந்தப் பணத்தை நம்பித்தான் வீட்டுக் கடனை அடைக்கறதா பேங்க்ல சொல்லி வச்சிருக்கார். பெரும்பகுதி வரிக்குப் போயிட்டா வீடே கையை விட்டுப் போயிடும்."

"எல்லாருக்கும்தான் வீடு போகுது" என்றார் அதிகாரி. சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. தண்ணீர் டம்ளரை மேலாளர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மேலாளர் டம்ளரை எடுக்கப் போகையில் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பேரைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"சொல்லும்மா... மீட்டிங்ல இருக்கேன். ஆமா, எப்பவும் வர்ற நேரத்துக்கு வந்துடுவேன்." பேசி முடித்துவிட்டு, "மன்னிக்கணும், வீட்ல" என்றார். பழையபடி தோள்கள் தொங்கிப்போயின.

அதிகாரி விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்.

"எங்க இன்ஸ்பெக்டர் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துட்டார். தினம் காலையில ஆபீஸ் நேரத்துக்கு ஒருத்தர் வர்றார். வாட்ச்மேன் எழுந்து நின்னு சல்யூட் அடிக்கிறார். அவர் நேரா உங்க ரூமுக்குப் போய் லைட்டைப் போட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்துடறார். சாயங்காலம் வரைக்கும் ஏதோ எழுதிக்கிட்டே இருக்காராம். கண்ணாடிக் கதவு வழியா முதுகு மட்டும்தான் தெரிஞ்சுதாம். இல்லாத பதவிக்கு முதுகு எங்கேருந்து சார் வந்துச்சு?"

ஆடிட்டர் நாற்காலியோடு மேலாளர் பக்கம் திரும்பினார்.

"என்ன சார் இது? ஆளைப் போட்டிருக்காங்களா? உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

மேலாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரிஞ்சா சொல்லித் தொலைங்க சார்! அவங்களைக் காப்பாத்தி உங்களுக்கு என்ன ஆகப்போகுது? அத்தனை வருஷம் உழைச்சவரை நடுத்தெருவுல விட்டவங்க!"

"கம்பெனி மேல தப்பு இல்ல." முணுமுணுப்பாகத்தான் வந்தது.

"அப்ப யார் மேல தப்பு? வாட்ச்மேன் மேலயா?"

"ஐயோ, அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. பாவம், நல்ல மனுஷன்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். "சரி, நான் முடிச்சுக்கறேன். சலுகை கிடையாது. கம்பெனியும் நீங்களும் பேசி வச்சுக்கிட்டுப் பொய்யா எழுதினதுக்கு அபராதமும் சேரும். மேல்முறையீடு பண்றதுன்னா பண்ணிக்கோங்க."

"மேடம், ஒரு நிமிஷம்." மேலாளர் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். டம்ளரிலிருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"சொல்லுங்க சார்."

"சொன்னா சிரிப்பீங்க."

"நான் சிரிச்சு ரொம்ப நாளாச்சு. தைரியமா சொல்லுங்க."

"இது இந்த ரூமை விட்டு வெளியே போகாதே?"

"வரி ஆபீஸ்லேருந்து எது சார் வெளியே போயிருக்கு?"

மேலாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். டையைச் சரிசெய்துகொண்டார். ஆடிட்டரின் முகத்தையும் பார்க்கவில்லை, அதிகாரியின் முகத்தையும் பார்க்கவில்லை.

"அது நான்தான் மேடம். வீட்ல இன்னும் சொல்லல."