முராயின் அப்பா

வெள்ளை புரோட்டோன் கார் இன்றைக்கும் எதிரே அங்சானா மரத்தடியில் நின்றது. உள்ளே இரண்டு பேர். ஒருவன் பத்திரிகையை விரித்து வைத்திருந்தான், பக்கத்தைப் புரட்டவேயில்லை.

தம்புசாமி ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.

"சீதா, இன்னைக்கு நீ போகாதம்மா. கீழ நிக்கறாங்க."

"யாருப்பா?"

"வேற யாரு? போலீஸ்தான். நேத்தும் இதே காடிதான் நின்னுச்சு."

சீதாலெட்சுமி சிரித்தாள். மஞ்சள் சட்டைக்கு மேல் பையை மாட்டிக்கொண்டு, கறுப்புத் துணி ஒன்றை மடித்து அதற்குள் வைத்தாள். "அவங்களுக்கு முராயத்தான் தெரியும்பா. சீதாலெட்சுமிய யாருக்கும் தெரியாது லா."

விடிவதற்கு முன்பே கத்தத் தொடங்கும் குருவி முராய். அந்தப் பெயரில்தான் அவள் இணையத்தில் எழுதிவந்தாள். பத்திரிகைகள் தொடத் தயங்கிய செய்திகளையெல்லாம் முராய் எழுதியது. படித்தவர்கள் அச்செடுத்துக் கைக்குக் கை கொடுத்தார்கள்.

போன மாதம் அந்தப் பக்கத்தை அரசாங்கம் தடுத்துவிட்டது. வேறு முகவரியில் திறந்தாள். அதையும் தடுத்தார்கள். கடைசியாக முராய் மின்னஞ்சலில் ஓர் அழைப்பு அனுப்பியது: சனிக்கிழமை பிற்பகல், வாயைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொண்டு நகரத் திடலுக்கு வாருங்கள். பேச வேண்டாம். நின்றால் போதும்.

இத்தனைக்கும் வீட்டுத் தொலைபேசியில் அவள் இணையத்தைத் தொட்டதில்லை. ஒரு நாள் கிள்ளான், ஒரு நாள் செலாயாங் என்று சைபர் கஃபேக்களை மாற்றிக்கொண்டேயிருந்தாள். முராய் யாரென்று உடன் நிற்பவர்களுக்கே தெரியாது. அப்பாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"எழுதினதப் படிக்க விடமாட்டேங்குறாங்க. நிக்கவாச்சும் நிக்கறோமேப்பா," என்றாள் செருப்பை மாட்டிக்கொண்டே. "சாயங்காலம் வந்துடுவேன். சாப்பிட்டுட்டு மாத்திரை போடுங்க."

கதவு சாத்திக்கொண்டது.

ரயில்வேயில் தன்னோடு வேலை பார்த்த பக்கிரிசாமியின் நினைவு தம்புசாமிக்கு வந்தது. ஒரு நாள் காலையில் பசியாறிக்கொண்டிருந்தவரைப் போலீஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பிவந்த பக்கிரிசாமி யாரிடமும் பேசவில்லை. யாராவது கதவைத் தட்டினால் எழுந்து நின்று கைகளை முன்னால் நீட்டுவார்.

மறுபடியும் திரையை விலக்கிப் பார்த்தார். கீழ்வீட்டுச் சீனப்பெண் கைக்குழந்தையோடு ஓடிவந்து புரோட்டோனில் ஏறினாள். பத்திரிகையை விரித்திருந்தவன் இறங்கி, அவளுடைய பைகளை வாங்கிப் பின்னால் வைத்தான். கார் போய்விட்டது.

அவருக்கு நிம்மதி வரவில்லை. இது இல்லாவிட்டால் இன்னொரு கார். இத்தனை எழுதியவளை அவர்கள் கண்டுபிடிக்காமலா இருப்பார்கள்? எல்லாம் தெரிந்துகொண்டு திடலில் வைத்துப் பிடிக்கத்தான் காத்திருக்கிறார்கள்.

தொலைபேசியை எடுத்தார். ராதாகிருஷ்ணன் போலீஸில் அதிகாரி. ரயில்வே குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டில் வளர்ந்தவன்; சீதாவைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன்.

"சொல்லுங்க அங்கிள். என்ன, குரலே ஒரு மாதிரி இருக்கு?"

"ராதா, உன் தங்கச்சி மாதிரி நெனச்சு இந்த ஒரு உதவி பண்ணுய்யா. திடல் கூட்டத்துல வச்சு சீதாவ அடிச்சுகிடிச்சு இழுத்துட்டுப் போயிடாதீங்க. நீயே போயி நல்லபடியா கூட்டிட்டு வந்துடு. நான் பேசி நிறுத்தச் சொல்றேன். இனிமே எழுதமாட்டா."

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"எழுதமாட்டாளா? எந்தப் பேர்ல எழுதுறா அங்கிள்?"

"உங்களுக்குத் தெரியாததா? முராய்தான்."

ராதாகிருஷ்ணனின் குரல் மிகவும் மெதுவாக வந்தது. "இன்னைக்கு என்ன கலர் சட்டை?"

"மஞ்சள்."

"சரி அங்கிள். நீங்க யார்கிட்டயும் பேசாதீங்க. நானே போறேன்."

ரிசீவரை வைத்ததும் தம்புசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. நம்ம பையன். விட்டுக்கொடுக்கமாட்டான். சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று கும்பிட்டார். பிறகு மகளுக்குப் பிடிக்குமே என்று பயற்றங்கஞ்சி வைத்தார்.

மாலையில் தொலைபேசி அடித்தது. பின்னணியில் தட்டச்சு சத்தமும் மலாயில் யாரோ அதட்டும் சத்தமும் கேட்டன.

"சீதா இங்கதான் இருக்கா, அங்கிள். யாரும் கை வைக்கல."

"ரொம்ப நன்றிய்யா. திடல்ல கூட்டமா?"

"ஆயிரக்கணக்குல. எல்லாம் வாயக் கட்டிக்கிட்டு. எல்லாரையும் கலஞ்சு போகச் சொல்லி அனுப்பிட்டாங்க."

"அப்ப இவளையும் கூட்டிட்டு வந்துடு. கஞ்சி ஆறுது."

"முடியாது அங்கிள். மேல ஒப்படைச்சாச்சு. கொஞ்ச நாளைக்குப் பாக்க விடமாட்டாங்க. துணிமணி மட்டும் குடுத்தனுப்புங்க."

"என்னய்யா ராதா இது? அவ்வளவு பேர விட்டுட்டு இவள மட்டுமா? இத்தன நாளா இவ பின்னாலயே சுத்திக்கிட்டிருந்தவங்களுக்கு நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லக்கூடாதா?"

ராதாகிருஷ்ணன் பெருமூச்சு விட்டான்.

"யாரும் சுத்தல அங்கிள். முராய் யாருன்னு நீங்க சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்."