நீலப் பொட்டு

"ஏனுங்க ராசப்பண்ணா, எல்லாருக்கும் நல்ல கறி, எனக்கு மட்டும் பொட்டு வெச்ச கறியா?"

சௌந்திரம் கவரைக் கடை மேடையில் பொத்தென்று போட்டாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கோழிக்கறி இருந்த கண்ணாடிக் கவருக்குள் நெற்றிப் பொட்டு அளவுக்கு ஒரு நீல வட்டம் ஒட்டியிருந்தது.

வாங்கிப் போகிற வழியில் கவரைப் பார்த்துக் கிளப்பிவிட்டவள் தையல் கடை பூவாத்தாள்.

"உனக்கு மட்டும் அடையாளம் போட்டுக் குடுக்கறான் பாரு. நேத்து மிஞ்சுனதை உன் தலையில கட்டறான். மெஸ்ஸு மசாலாவுல மறைஞ்சு போயிரும்னு நெனப்பு. அந்தக் கடைப்பக்கம் போறதுக்கே பயமா இருக்குது. போன மாசம் முன்னால இருக்கற சாக்கடையில பெருச்சாளி செத்து நாறுச்சே, கொடலைப் பொரட்டல?"

"ஆமாக்கா, பக்கத்துல நிக்க முடியல" என்றாள் சௌந்திரம்.

அது பொய். சௌந்திரத்துக்கு எந்த வாசமும் தெரியாது. கொரோனாக் காய்ச்சலோடு போனது, திரும்பி வரவே இல்லை. மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் அவளுக்கு ஒன்றுதான்.

இது தெரிந்தவர் அவள் புருஷன் மட்டும். கறியோ மீனோ, அவர் மோந்து பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அடுப்பில் ஏறும். அவரோ போர்வெல் வண்டியோடு மத்தியப் பிரதேசம் போய்விட்டார். திருச்செங்கோட்டு லாரிப் பட்டறை ஆட்கள் மூன்று வேளையும் அவள் மெஸ்ஸை நம்பித்தான் சாப்பிடுகிறார்கள். சமைக்கிறவளுக்கு வாசம் தெரியாது என்று வெளியே தெரிந்தால், மறுநாள் ஒருத்தரும் இலை முன்னால் உட்கார மாட்டார்கள்.

அதனால்தான் பழைய கறி என்றதும் அவளுக்கு அப்படிப் பதறியது.

ராசப்பன் கத்தியைக் கீழே வைத்தார்.

"கடை அடையாளமுங்க அம்மிணி. இன்னைக்குத்தான் ஆரம்பிச்சேன். மொதல்ல உங்களுக்கு ஒட்டுனேன். நாளையில இருந்து எல்லாருக்கும் உண்டுங்க."

"கோழிக்குப் பொட்டு வெச்சுக் கண்ணாலமா பண்ணப் போறீங்க?" என்றார் வரிசையில் நின்ற ஒருவர். கூட்டம் சிரித்துக் கலைந்தது.

ஆள் குறைந்ததும் ராசப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"எம்புள்ள யுவஸ்ரீ இருக்கறாளே, காலேஜ்ல உணவுப் படிப்பு படிக்கிறாளுங்க. சங்குப்பூச் சாயத்துல அவ பண்ணுன பொட்டு இது. கறி கெட ஆரம்பிச்சா, அதுல இருந்து கெளம்புற காத்துப் பட்டு நீலம் பச்சையாயிருமாம். பச்சையாச்சுன்னா ஆக்கீராதீங்க."

"இதைக் கூட்டத்துல சொன்னா என்னங்க? நான் சண்டைக்காரியாட்டம் நின்னேன்."

"அது வந்துங்க... புள்ள இன்னும் காலேஜ்ல காட்டல." அவர் கத்தியைத் தீட்ட ஆரம்பித்துவிட்டார்.

மறுநாளிலிருந்து கடையை விட்டுப் போகிற எல்லாக் கவரிலும் நீலப் பொட்டு. சௌந்திரத்துக்குச் சமாதானம் ஆகிவிட்டது. அதைவிடப் பெரிய நிம்மதி, மோந்து பார்க்க ஆளில்லாத வீட்டில் கண்ணால் பார்க்க ஒன்று கிடைத்தது.

வியாழக்கிழமை மாதாந்திர மின்தடை. காலையில் போன கரண்ட் சாயங்காலம்தான் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காலையில் வாங்கி வைத்த கறியை எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பொட்டு பச்சையாகியிருந்தது.

கவரைப் பிரித்து மூக்கோடு வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. கறியும் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. வெளியே பட்டறை ஆட்கள் கை கழுவும் சத்தம் கேட்டது.

மறுபடி பொட்டைப் பார்த்தாள். பிறகு அத்தனையையும் கொண்டுபோய்க் கொல்லையில் குழி தோண்டிக் கொட்டி மண்ணைத் தள்ளினாள். அன்றைக்கு முட்டைக் குழம்பு.

"என்னக்கா, கோழி என்னாச்சு?"

"நாமக்கல் ஜில்லாவுல பொறந்துட்டு முட்டைக்கு மூஞ்சியச் சுளிக்கிறீங்களா? பேசாமத் தின்னுங்க."

பரிமாறி முடித்ததும்தான் அவளுக்கு நினைவு வந்தது. காலையில் பூவாத்தாளும் அதே கடையில்தான் கறி வாங்கினாள். ஓடினாள்.

"பூவாத்தாக்கா, கறிய ஆக்கிட்டீங்களா? பொட்டு பச்சையாயிருச்சா?"

"மத்தியானமே ஆக்கித் தின்னாச்சு. எந்தப் பொட்டு?"

"கவருக்குள்ள ஒட்டியிருக்குமே."

"உள்ளயா? மேலதான ஒட்டிக் குடுக்கறான்." பூவாத்தாள் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "இதா பாரு. ஃபேன்சி ஸ்டோர் ஸ்டிக்கர் பொட்டு. குப்பைக்குப் போகுதேன்னு உரிச்சு நான் வெச்சுக்கறேன். இந்த வாரம் பூரா எனக்குப் பொட்டுச் செலவே இல்ல!"

பூவாத்தாள் நெற்றியில் நீலம் நீலமாகவே இருந்தது.

மறுநாள் ராசப்பன் கடை திறக்கும்போதே சௌந்திரம் வந்து நின்றாள். கையில் தூக்குப்போசி. அடுப்பிலிருந்து இறக்கிய குழம்பின் முதல் கரண்டி.

"நெசப் பொட்டு எனக்கு மட்டுந்தானுங்களா அண்ணா?"

ராசப்பன் தராசைத் துடைத்தார். "புள்ள கையால பண்றதுங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு தேறுனாப் பெருசு. உங்களுக்கு மட்டும் ஒட்டுனா நாலு பேரு ஏன்னு கேப்பாங்க. மொதல்ல நீங்களே கேட்டுட்டீங்க. அதான் மத்தவங்களுக்குச் சும்மா ஸ்டிக்கருங்க."

அவள் தூக்குப்போசியை மேடையில் வைத்தாள். "எனக்கு வாசம் தெரியாதுன்னு உங்களுக்கு எப்படீங்க..."

"அந்தப் பெருச்சாளி செத்த அன்னைக்கு வந்தவங்க பூராவும் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுனாங்க. நானே மூஞ்சியில துண்டைச் சுத்திக்கிட்டுத்தான் வெட்டுனேன். நீங்க ஒருத்தர்தான் அம்மிணி, சாக்கடைக்குப் பக்கத்துல நின்னு, ஈரல் கொஞ்சம் சேத்திப் போடுங்கன்னு நிதானமாப் பேரம் பேசுனீங்க!"