படித்துப் பயனடைந்தோம்

“பெட்டியைப் பிரிக்கட்டுமா சார்?” குமாஸ்தா அம்மாள் கேட்டாள்.

“எதுக்கும்மா அவசரம்? முதல்ல நன்றிக் கடிதத்தை அனுப்பு. பெட்டி எங்க ஓடிப்போகுது?”

தேசிய நூலகத்தின் வெளிநாட்டுப் பரிமாற்றப் பிரிவில் அதுதான் நடைமுறை. நம் அரசின் அறிக்கைகள் ஒப்பந்தம் போட்ட ஒரு வெளிநாட்டுக்குப் போகும். அந்த நாட்டு அரசின் அறிக்கைகள் இங்கே வரும். பெட்டி வந்த அன்றே, ‘தாங்கள் அனுப்பிய அரிய நூல்களை ஊழியர் அனைவரும் படித்துப் பயனடைந்தோம்’ என்ற கடிதத்தில் பிரிவுத் தலைவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். அரிய நூல்கள் ஆணிகூடப் பிடுங்கப்படாமல் சுவரோரம் போய்ச் சேரும். அவர் மேசைக்குப் பக்கத்தில் இருந்த பெட்டி மட்டும் மூன்று வருடமாக அவருடைய டீ கிளாஸைத் தாங்கி நாட்டுக்குத் தொண்டாற்றி வந்தது.

தொலைபேசி அலறியது. அமைச்சரின் செயலாளர்.

“பழைய அணை உடைஞ்சதே, அந்த விசாரணை அறிக்கை திங்கட்கிழமை சபையில இருக்கணும். வேற எங்கயும் இல்லை. நீங்களும் கைவிரிச்சா உங்க வேலை போயிடும்.”

தலைவர் அலமாரிக்கு ஓடினார். நூலகத்துப் பிரதியைக் கரையான் எப்போதோ படித்து முடித்திருந்தது. அந்த ஒரு வாசகருக்காவது அது பயன்பட்டது.

“இப்ப என்ன சார் பண்றது?” குமாஸ்தா அம்மாள் கையைப் பிசைந்தாள்.

“நாம அந்த நாட்டுக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்கோம்ல? அவங்க என்ன நம்மள மாதிரியா? கண்ணும் கருத்துமா வெச்சிருப்பாங்க!”

உடனே மின்னஞ்சல் பறந்தது. நல்ல பெயர் வாங்கும் சந்தர்ப்பத்தை விடுவாரா? பதிலின் நகலை நேராக அமைச்சருக்கே அனுப்பும்படி அதில் ஒரு வரியும் சேர்த்தார்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. குமாஸ்தா அம்மாள் வாசித்தாள்.

“‘இடம் போதாததால், உங்கள் நாட்டு அறிக்கைகள் எல்லாவற்றையும் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெட்டியில் உங்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டோம். அதற்கு நீங்கள் எழுதிய நன்றிக் கடிதத்தை இணைத்துள்ளோம்...’ சார்!”

அவள் மெதுவாகப் பெட்டியின் மேலிருந்த டீ கிளாஸை எடுத்தாள்.

தொலைபேசி மறுபடியும் அலறியது. இந்தத் தடவை அமைச்சரே பேசினார். குரலில் தேன் சொட்டியது.

“எல்லாரும் படிச்சுப் பயனடைஞ்சீங்களாமே! அணை ஏன் உடைஞ்சுதுன்னு ரெண்டு வரி சொல்லுங்க, எழுதிக்கறேன்.”