ஒட்டுக் காது

அருங்காட்சியகத்தில் இருந்த ஆயிரம் வயதுச் சுடுமண் குதிரைக்கு ஒரு காது உடைந்துபோயிருந்தது. பழுதுபார்த்தவர் புதிதாக ஒரு மண் காது சுட்டு ஒட்டினார். ஒட்டு என்று தெரியட்டும் எனச் சற்று வெளிறலாகவே விட்டார்.

காதுக்கு வயிறு எரிந்தது. "எல்லாரும் உன்னையே பார்க்கிறார்கள். நான் எதில் குறைச்சல்?"

"வயதில்தான்," என்றது குதிரை.

அன்றிலிருந்து காது, ஜன்னல் வழியே வந்த புகையையும் தூசியையும் விடாமல் பூசிக்கொண்டது. நாற்பது வருடத்தில் ஒட்டு எது, அசல் எது என்று யாருக்கும் தெரியவில்லை.

வயதைக் கணிக்க வந்த விஞ்ஞானி, உடம்பில் கைவைக்க மனமில்லாமல், அந்தக் காதின் ஓரத்தில் கொஞ்சம் மண் சுரண்டிப் போனார். "நாற்பது வருடப் போலி" என்று முடிவு வந்தது.

குதிரையைக் கிடங்கில், உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே போட்டார்கள்.

"சந்தோஷம்தானே?" என்று காதிடம் கேட்டது குதிரை. "இப்போது நமக்கு ஒரே வயது."