பதினேழு வளைவுகள்

"பதினேழு வளைவுலயும் ஒருத்தனுக்கும் வழி விடல மாப்ளே!"

போடி டீக்கடை வாசலில், தன் பழைய லான்சர் காரின் பானெட்டைத் தட்டிக்கொண்டே சொன்னான் லிங்கேஸ்வரன். வேகத்தைக் கூட்ட ஜப்பானிலிருந்து வரவழைத்த டர்போவை மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"யாருடா பின்னாடி வந்தது?" என்றான் நண்பன் கார்முகில்.

"ஏதோ ஏலக்காத் தோட்டத்து ஜீப்பு. மலை உச்சி போடிமெட்டுலருந்தே லைட்டை அடிச்சு அடிச்சு வந்தான். ரேசுக்குக் கூப்புடுறான்னு தெரிஞ்சுபோச்சு. பக்கத்துல வர விடுவேன், வந்ததும் மிதிச்சிருவேன்!"

"ஹாரன் அடிச்சிருப்பானே?"

"நம்ம சைலன்சர் சத்தத்துல ஹாரனா கேக்கும்? பின்னாடி மாட்டுன ஸ்பாய்லர் றெக்க மறைச்சதுல ஆளும் தெரியல."

அந்த ஜீப்பு மெதுவாக வந்து கடையோரம் நின்றது. இறங்கியவர் வேலுச்சாமி, லிங்கேஸ்வரனின் அப்பா தோட்டத்து டிரைவர்.

"அண்ணே, நீங்களா? என்னைய முந்தப் பாத்தீகளாக்கும்!" லிங்கேஸ்வரன் சிரித்தான்.

வேலுச்சாமி சிரிக்கவில்லை.

"முந்த இல்லப்பு, ஒன்ன நிறுத்த. தோட்டத்துல அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஜீப்புல ஏத்திட்டு வர்றப்ப ஒன் வண்டியப் பாத்துட்டாரு. 'என் மகன் வண்டிதான் வெரசாப் போகும், அதுல மாத்தி ஏத்து'ன்னு அவருதான் சொன்னாரு."

லிங்கேஸ்வரன் பாய்ந்து காரைக் கிளப்பினான். தெருவே அதிர்ந்தது.

"ஏத்துங்கண்ணே! அஞ்சே நிமிசத்துல ஆஸ்பத்திரி!"

வேலுச்சாமி ஜன்னல் வழியே கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

"அவசரமெல்லாம் பதினஞ்சாவது வளைவோட முடிஞ்சுபோச்சு அப்பு."