நசுங்கிய தாயத்து

புருஷன் கதிரேசனின் நெஞ்சு எக்ஸ்ரே படத்தைக் கேட்டு மூன்று வாரமாக அரசு ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடக்கிறாள் செண்பகவல்லி. அந்தப் பழைய படம் இல்லாமல் மதுரையில் வைத்தியம் தொடங்க மாட்டார்களாம். ரெக்கார்டு ரூம்காரர் இன்றும் தலை நிமிரவில்லை.

"கெடைக்கலம்மா. கெடைச்சாலும் கண்டவங்க கையில குடுக்க முடியாது. நோயாளி ரகசியம்."

பக்கத்துக் கூடத்தில் நடந்த கருத்தரங்குக்கு வெளிநாட்டு டாக்டர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் போட்ட திரையில் ஆளுயரத்துக்கு ஒரு நெஞ்சு. விலா எலும்புகளின் நடுவே, நசுங்கிய தாயத்து ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எக்ஸ்ரே எடுக்கும்போது அதைக் கழற்ற மாட்டேன் என்று மல்லுக்கு நின்றவன் கதிரேசன்.

"கீழ என்ன எழுதியிருக்கு சிஸ்டர்?" என்று கூடத்து வாசலில் நின்ற நர்ஸைக் கேட்டாள்.

"இங்கேருந்து அனுப்புன படந்தான். ரகசியம் காக்கணும்னு நோயாளி பேரைப் போடலையாம்."

செண்பகவல்லி விறுவிறுவென்று வெளியே போனாள். பெஞ்சில் இருமிக்கொண்டிருந்த கதிரேசனைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். அத்தனை பேர் முன்னாலும் அவன் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்தாள்.

"பேரு எதுக்கு? ஆளே இருக்காரு, பாத்துக்கங்க."

கருப்புக் கயிற்றில் தாயத்து இருமலுக்கு இருமல் ஆடியது.